பூங்கா ரயிலுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? ஒரு முழுமையான வழிகாட்டி

பூங்காவில் ஓடும் குட்டி ரயிலில் ஒரு சுற்று என்பது பெரும்பாலும் ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து நிமிடம். அதற்காக வீட்டிலிருந்து கிளம்பி, வரிசையில் நின்று, அடம்பிடிக்கும் குழந்தையைச் சமாதானப்படுத்தி, ஏறி இறங்கி, "அவ்வளவுதானா?" என்று திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் தங்கை பையனோடு முதல் முறை போனபோது எங்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அவனுக்கு அப்போது மூன்று வயது. இன்ஜின் விசில் ஊதியதும் அவன் அலறிய அலறலில், ரயில் நகர்வதற்கு முன்பே இறங்கிவிட்டோம்.

அடுத்த முறை டிக்கெட்டே வாங்கவில்லை. பாதையிலிருந்து நன்றாகத் தள்ளிப் புல்லில் உட்கார்ந்து, ரயில் போவதையும் வருவதையும் மட்டும் பார்த்தோம். நான்கு ரயில் போனது. ஐந்தாவது வரும்போது அவனாகவே எழுந்து, "போலாம் மாமா" என்றான். அதற்கப்புறம் அவனையும் அவன் அக்காவையும் எத்தனையோ முறை கூட்டிக்கொண்டு போயாயிற்று. முதலில் பார்க்கவிட வேண்டும், பிறகுதான் ஏற்ற வேண்டும். கீழே எழுதியிருக்கும் எல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

1. அது எந்த மாதிரி ரயில் என்று தெரிந்துகொள்ளுங்கள்

குட்டி ரயில் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம் முடிவாகிறது. எப்படி உட்காருவீர்கள், கைக்குழந்தையை ஏற்றலாமா, பாட்டியால் ஏறி இறங்க முடியுமா என்பதெல்லாம் அதில் அடக்கம். இந்த இடைவெளியைத்தான் கேஜ் என்கிறார்கள். உலகத்தின் நிஜ ரயில் பாதைகளில் பாதிக்கு மேல் 1,435 மி.மீ. கேஜில் ஓடுகின்றன. பெரும்பாலான பூங்கா ரயில்கள் அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை.

மிகச் சிறியவற்றில் ஒன்று ஐந்து அங்குலம், அதாவது 127 மி.மீ. இதில் பல இடங்களில் பாதையையே தரையிலிருந்து தூக்கிக் கட்டியிருப்பார்கள். நீளமான பலகை மேல் குதிரையில் உட்காருவது போலக் காலை இரண்டு பக்கமும் போட்டு, கீழே ஓடும் பாதப்பலகையில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது ஏழே கால் அங்குலம், 184 மி.மீ. இதுவும் பெரும்பாலும் அப்படி உட்காரும் ரயில்தான், ஆனால் பாதை தரையோடு தரையாக இருக்கும். வால்ட் டிஸ்னி 1950ல் தன் வீட்டுத் தோட்டத்தில் பாதை போட்டு ஓட்டியது இந்த அளவுதான். நிஜ ரயிலில் எட்டில் ஒரு பங்கு. இன்ஜினுக்கு மனைவி லில்லியனை நினைத்து லில்லி பெல் என்று பேர் வைத்தார்.

மூன்றாவது, பதினைந்து அங்குலம், 381 மி.மீ. இதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. இங்கிலாந்தில் ஆர்தர் ஹேவுட் என்பவர், தோட்டம் துரவு, பண்ணைகளுக்குச் சாமான் ஏற்றிப் போகச் சின்ன ரயில் போதுமே என்று நினைத்தார். முதலில் ஒன்பது அங்குலத்தில் போட்டுப் பார்த்தார். ஆள் ஏறினால் நிலையாக நிற்கவில்லை. 1874ல் பதினைந்து அங்குலத்தில் வேலையை ஆரம்பித்தார். நம்பி ஏறக்கூடிய குறைந்தபட்ச அகலம் இதுதான் என்ற முடிவுக்கு வந்தார். பிற்பாடு பூங்காக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் 1928 முதல் ஓடும் லிலிபுட் ரயில் 381 மி.மீ.தான். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துப் பெரிய பூங்காவில் 1950ல் தொடங்கிய ரயிலும் அதே அளவுதான். இந்த வகையில் பெட்டிக்குள் இரண்டு இரண்டு பேராக உட்காரலாம்.

நான்காவது, இரண்டடி கேஜ், 610 மி.மீ. முன்னால் பெரிய புகைபோக்கியோடு பழங்கால இன்ஜின் மாதிரி தோற்றம். பல நாடுகளின் பூங்காக்களிலும் மிருகக்காட்சிச் சாலைகளிலும் இருக்கும் ஒரு வகை, 1863ல் செய்யப்பட்ட சி.பி. ஹன்டிங்டன் என்ற நிஜ நீராவி இன்ஜினைப் பார்த்துச் செய்தது. உள்ளே நீராவி கிடையாது, மோட்டார்தான். குடும்பம் முழுவதும் ஏறுவதற்கு இதுதான் மிகவும் வசதி.

டயர் போட்டு நடைபாதையில் ஓடும் ரயில் வண்டியும் உண்டு. அதில் ஏறினால் தப்பில்லை. ஆனால் தண்டவாளத்தைக் கனவு கண்டுகொண்டு வந்த குழந்தை சக்கரத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடும். போவதற்கு முன்பே தெரிந்துகொண்டு, குழந்தையிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

2. கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: இன்றைக்கு ஓடுகிறதா? சிறிய கேஜ் ரயில்கள் பலவற்றை ஆர்வலர் சங்கங்கள்தான் நடத்துகின்றன. அவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் வந்து ஓட்டுகிறவர்கள். வாரத்தில் ஒரு நாள், மாதத்தில் இரண்டு நாள் என்றுகூட இருக்கும். மழை பெய்தால் நிறுத்திவிடுவார்கள். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும், பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் ஆகும் என்பதால் அது நியாயமான முடிவு.

இரண்டாவது: எந்த இன்ஜின் ஓடும்? நீராவி இன்ஜின் இருக்கிற இடத்திலும் எல்லா நாளும் அதை ஏற்றமாட்டார்கள். "நீராவி நாள்" எது என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு தடவையாவது அந்த நாளில் போக வேண்டும் என்பது என் ஆசை.

மூன்றாவது: உயரம், வயது, கைக்குழந்தை பற்றிய விதிகள். கால் இருபக்கமும் போட்டு உட்காரும் ரயிலில் மடியில் குழந்தையை வைக்க விடாத இடங்கள் உண்டு. வாசலில் போய்த் தெரிந்துகொண்டால் வீட்டில் யாராவது ஒருவர் அழுவது நிச்சயம்.

நான்காவது, பெரியவர்கள் ஏறி இறங்கும் வசதி. என் அம்மாவை ஒரு இடத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். இருக்கை கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் வலியோடு இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியதாயிற்று. டிக்கெட் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சக்கர நாற்காலியோடு ஏறச் சாய்தளமும் தனிப் பெட்டியும் வைத்திருக்கிற இடங்கள் இருக்கின்றன. ஆனால் எல்லா ரயிலிலும் அந்தப் பெட்டியைக் கோத்திருக்க மாட்டார்கள், முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது.

கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் கேளுங்கள். பூங்கா மூடுவதற்கு வெகு முன்னாலேயே ரயில் ஓய்ந்துவிடும்.

3. என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது

தொங்குகிற ஷால், நீள நாடா, தரையைத் தொடும் உடை எதுவும் வேண்டாம். சக்கரம் காலுக்குப் பக்கத்திலேயே சுற்றுகிறது. குழந்தைக்குக் கழன்று விழாத செருப்போ ஷூவோ போடுங்கள். பாதையில் விழுந்த ஒற்றைச் செருப்புக்காக மொத்த ரயிலையும் நிறுத்த வேண்டியிருக்கும். நீராவி நாள் என்றால் வெள்ளை உடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கரித்தூளும் எண்ணெய்த் துளியும் கலந்து தெளிக்கும், துவைத்தாலும் லேசில் போகாது. கண்ணாடி போடாத குழந்தைக்கு ஒரு சாதாரணக் குளிர்க்கண்ணாடி இருந்தால் கண்ணில் தூசி விழாது. தண்ணீர், தொப்பி, ஒரு ஈரத் துணி. இதற்கு மேல் மூட்டை கட்டாதீர்கள், பையை வைக்க ரயிலில் இடமிருக்காது.

4. டிக்கெட் வாங்கும் முன் பாதையோரம் நடங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பூங்காவுக்குள் நுழைந்ததும் நேரே டிக்கெட் ஜன்னலுக்குப் போகாமல், வேலிக்கு இந்தப் பக்கமாகவே பாதையைத் தொடர்ந்து நடங்கள். முழுச் சுற்றும் முடியாவிட்டால் பாதியாவது.

நடக்கும்போது குழந்தையிடம் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். இது சிலிப்பர் கட்டை, தண்டவாளம் விலகாமல் பிடித்துக்கொள்கிறது. அடியில் கிடக்கும் ஜல்லி, மழைத் தண்ணீரை வடிய விடுகிறது, ரயில் பாரத்தையும் தாங்குகிறது. இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறதே, அதுதான் பாயின்ட். சுரங்கம் இருந்தால் கட்டாயம் அதன் வாயில் வரைக்கும் போய்க் காட்டுங்கள். விசிலுக்கு அடுத்தபடியாகச் சின்னக் குழந்தைகள் பயப்படுவது திடீரென்று இருட்டுவதற்குத்தான். "அங்கே இருட்டும், நீ பத்து எண்ணறதுக்குள்ள வெளிய வந்துடுவோம்" என்று முன்பே சொல்லிவைத்தால், ஓடும்போது பயப்படுவதற்குப் பதிலாக எண்ணிக்கொண்டிருக்கும்.

பிறகு வளைவு ஒன்றின் அருகே உட்கார்ந்து இரண்டு ரயிலாவது போகட்டும். உள்ளே இருக்கிறவர்கள் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், எங்கே கை அசைக்கிறார்கள் என்றெல்லாம் குழந்தை தானாகப் பார்த்துக்கொள்ளும். நாம் பாடம் எடுக்க வேண்டாம்.

5. வரிசையும் இருக்கையும்

வரிசையில் நிற்பது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரயில் திறந்த முதல் அரை மணி நேரம் கூட்டம் குறைவு, அவ்வளவுதான். எங்கே உட்காருவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்ஜினுக்கு அடுத்த பெட்டிக்குத்தான் எல்லாக் குழந்தையும் ஓடும். டிரைவர் கை நெம்புகோலை இழுப்பது தெரியும், சூடு முகத்தில் அடிக்கும். ரயில் பைத்தியமான குழந்தைக்கு அதைவிடச் சொர்க்கம் வேறில்லை. ஆனால் சத்தமும் கரியும் அங்கேதான் அதிகம். சத்தத்துக்குக் கூசும் குழந்தையைக் கடைசிப் பெட்டியில் உட்கார வையுங்கள். ரயில் வளையும்போது முன்னால் போகும் இன்ஜின் முழுசாகத் தெரிவதும் கடைசிப் பெட்டியிலிருந்துதான். எங்கள் வீட்டில் அக்கா முன்னால், தம்பி பின்னால், இன்றைக்கும் அதே ஏற்பாடுதான்.

இருபக்கமும் கால் போட்டு உட்காரும் ரயிலில் குழந்தையை முன்னால் விட்டு, பெரியவர் பின்னால் உட்கார வேண்டும். அப்போதுதான் இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்க முடியும். இரண்டு குழந்தை, ஒரு பெரியவர் என்றால் சின்னது உங்களுக்கு நேர் முன்னால், பெரியது அதற்கு முன்னால்.

6. ஓடும்போது

சாயாதீர்கள், எழுந்திருக்காதீர்கள், காலைத் தரையில் வைக்காதீர்கள் என்று கிளம்பும் முன் சொல்வார்கள். மெதுவாகத்தானே போகிறது என்று இதைக் காதில் வாங்காமல் விடுகிறவர்கள் அதிகம். 184 மி.மீ. என்பது ஒரு சாணை விடக் குறைவு. அந்த ஒரு சாண் அகலத்தின் மேல் வளர்ந்த ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பாரத்தில் பெரும்பங்கு பெட்டியில் இல்லை, மேலே இருக்கும் மனிதர்களில்தான். பின்னால் வரும் மாமாவுக்குக் கை காட்டுவதற்காக ஒருவர் பக்கவாட்டில் சாய்ந்தால் பெட்டியே அந்தப் பக்கம் சாயும். காலைத் தரையில் ஊன்றினால் ரயில் நிற்காது, காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும்.

அதேபோல, தண்டவாளத்தில் கல், குச்சி, காசு எதையும் வைக்கக் குழந்தைகளை விடாதீர்கள். பெரிய ரயில் நசுக்கிவிட்டுப் போகும் ஒரு சிறு கல், குட்டி ரயிலின் சக்கரத்தைத் தூக்கிவிடப் போதும்.

போனை எடுக்காதீர்கள் என்பது விதி இல்லை, என் வேண்டுகோள். முதல் சுற்றில் இரண்டு கையும் குழந்தை மேல் இருக்கட்டும். படம் வேண்டுமானால் வீட்டில் ஒருவர் கீழேயே நின்று, நடந்து பார்த்து வைத்த அந்த வளைவிலிருந்து எடுக்கலாம். இன்ஜின் முதல் கடைசிப் பெட்டி வரை எல்லோர் முகமும் விழும் இடம் அதுதான்.

7. இறங்கியதும் ஓடிவிடாதீர்கள்

நீராவி இன்ஜின் என்றால் பிளாட்பாரத்திலேயே ஐந்து நிமிடம் நில்லுங்கள். இன்ஜின் கிளம்பும்போது சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து 'உஸ்ஸ்' என்று வெள்ளையாக ஆவி பீறிடும். தங்கை பையன் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, அதுக்கு வலிக்குதா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. டிரைவரிடமே கேட்டோம். கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்து அவனுக்குச் சொன்னார்: நின்றுகொண்டிருந்த நேரத்தில் சிலிண்டருக்குள் நீராவி ஆறித் தண்ணீராகியிருக்கும். நீராவியை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. அது உள்ளேயே கிடந்தால் பிஸ்டன் மோதி சிலிண்டர் மூடியே உடைந்துவிடும். அதனால் கிளம்பும்போது கீழே இருக்கும் குட்டிக் குழாய்களைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுகிறோம். "மூக்கு சிந்துற மாதிரி" என்று முடித்தார். பையன் அன்றைக்குப் பூராவும் எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்படிப்பட்ட டிரைவர்களும் கார்டுகளும் கேள்வி கேட்டால் சந்தோஷப்படுகிறவர்கள். ரயில் நிற்கும்போது மட்டும் கேளுங்கள். அழுத்தமானி எது, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் எது என்று கேட்டுப் பாருங்கள். நிஜ நீராவி இன்ஜின்தானா என்று சந்தேகம் வந்தால், சக்கரங்களோடு சேர்ந்து முன்னும் பின்னும் போய்வரும் தண்டு சிலிண்டருக்குள் நுழைகிறதா, புகைபோக்கியிலிருந்து 'குப் குப்' என்று விட்டுவிட்டு வருகிறதா என்று கவனித்தால் போதும். மோட்டார் ரயில் என்றாலும் விடாதீர்கள். பெட்டிகளை எப்படிக் கோத்திருக்கிறார்கள், கடைசியில் இன்ஜின் எப்படித் திரும்புகிறது, இன்ஜினை மேலே நிறுத்திச் சுற்றித் திருப்பும் டர்ன்டேபிள் இருக்கிறதா என்று பார்க்க நிறைய இருக்கிறது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் இன்னொரு விஷயமும் விசாரியுங்கள். சில சங்கங்களில் சிறுவர்களையும் உதவிக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். டிரெஸ்டன் பூங்கா ரயிலில் டிக்கெட் கொடுப்பது போன்ற வேலைகளைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். புடாபெஸ்டில் 1948 முதல் ஓடும் குழந்தைகள் ரயிலில் இன்ஜின் ஓட்டுவது தவிர மற்ற வேலைகளைப் பெரும்பாலும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு பார்க்கிறார்கள்.

8. இரண்டாவது சுற்று

முடிந்தால் இரண்டாவது முறையும் ஏறுங்கள், ஆனால் உடனே வேண்டாம். ஒரு மணி நேரம் மரத்தடியில் விளையாடிவிட்டு வாருங்கள். இப்போது குழந்தைக்குப் பாதை மனப்பாடம், அடுத்து என்ன வரும் என்று அதுவே உங்களுக்குச் சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டே போவதற்காகத்தான் நான் இரண்டாம் டிக்கெட் வாங்குகிறேன்.

நடுவில் பழுதாகி ரயில் நின்றால், கார்டு சொல்லும் வரை இறங்காதீர்கள். சின்ன ரயில் பழுதாவது சகஜம். சரிசெய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பயந்து அழுதால் வற்புறுத்தி ஏற்ற வேண்டாம். புல்லில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

9. வீட்டுக்கு வந்து ஒரு சோதனை

ஓடும்போது "ரயிலுக்கு ஸ்டியரிங் எங்கே?" என்று கட்டாயம் ஒரு கேள்வி வரும். அதற்கு விடை இரண்டு காகிதக் கோப்பைகளில் இருக்கிறது. இரண்டையும் வாயோடு வாய் வைத்து டேப்பால் ஒட்டுங்கள். நடுவில் தடிப்பாக, ஓரத்தில் மெலிவாக ஒரு உருளை கிடைக்கும். இரண்டு நீளக் குச்சிகளை இணையாக, லேசான சரிவில் வைத்து அதன் மேல் உருட்டுங்கள். கோணலாக வைத்து விட்டால்கூட இப்படியும் அப்படியும் அசைந்து நடுவுக்கே வந்து ஓடும். இப்போது இன்னும் இரண்டு கோப்பைகளை அடியோடு அடி ஒட்டி உருட்டுங்கள். கொஞ்சத் தூரம் போவதற்குள் விழுந்துவிடும்.

ரயில் சக்கரமும் முதல் உருளை மாதிரிதான். உட்பக்கம் பெரிது, வெளிப்பக்கம் சற்றே சிறிது. வளைவில் அச்சு வெளிப்புறமாக நகரும்போது வெளிச்சக்கரம் தன் பெரிய விளிம்பில் ஓடி அதிகத் தூரம் போகிறது, உட்சக்கரம் சிறிய விளிம்பில் குறைந்த தூரம் போகிறது. அச்சு தானாகத் திரும்பிவிடுகிறது. சக்கரத்தின் உள் ஓரத்தில் எட்டிப்பார்க்கும் விளிம்பு, மீறி விலகினால் பிடித்து நிறுத்துகிற காவல். தங்கை மகள் இதை ஏழு வயதில் செய்துபார்த்தாள். மறுமுறை பூங்காவுக்குப் போனபோது ஷெட்டில் தூக்கி வைத்திருந்த ஒரு சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, சரிவு தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

10. நாள் முடியும்போது இருக்க முடிந்தால்

நீராவி நாளில் கடைசி ரயிலுக்கு அப்புறமும் கால் மணி நேரம் காத்திருங்கள். இன்ஜினைப் பெட்டிகளிலிருந்து கழற்றி ஷெட்டுக்குக் கொண்டுபோவார்கள். அடுப்பில் மிச்சமிருக்கும் நெருப்பைக் கீழே தள்ளுவார்கள், சாம்பலை வழிப்பார்கள். சிலர் பாய்லரில் படிந்த அழுக்கு போவதற்காகக் கொஞ்சம் தண்ணீரை அழுத்தத்தோடு வெளியே விடுவார்கள். அது பெரிய சத்தம், குழந்தையின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். பிறகு எண்ணெய்த் துணியால் உடம்பு முழுக்கத் துடைப்பார்கள்.

விசிலுக்கு அலறிய எங்கள் பையன் போன முறை இதையெல்லாம் வேலி ஓரத்தில் நின்று பார்த்தான். ஷெட் கதவைச் சாத்தும்போது டிரைவர் அவனைப் பார்த்து, "குட் நைட் சொல்லிடு" என்றார். பையன் இன்ஜினுக்குக் கை காட்டினான். உள்ளே இருட்டில், ஆறிக்கொண்டிருந்த இரும்பு 'டிக், டிக்' என்று சத்தம் போட்டது.